தோட்டத்துக்குள் பல தோட்டங்கள்: உப்புக் காற்றடிக்கும் மணல் பூமிக்கு ஓர் எடுத்துக்காட்டு

காட்டுப்பள்ளி, பழவேற்காடு பகுதிகளில் நிலம் வைத்திருக்கும் சிறு விவசாயிகளுக்கு மூன்று பெரிய கவலைகள் உண்டு. கிணற்றுத் தண்ணீர் வர வர உப்பாகிறது. கடற்காற்று மணலை வாரி வந்து இளம் பயிரின் மேல் கொட்டுகிறது. நிழலும் தழையும் விறகும் தந்துவந்த நாட்டு மரங்கள் ஊரைச் சுற்றிலும் குறைந்து வருகின்றன. இந்த மூன்றும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. ஆகவே பரிகாரத்தையும் சேர்த்தே தேட வேண்டும்.

அதற்கு வழிகாட்டும் தோட்டம் ஒன்று நமது சோழமண்டலக் கடற்கரையிலேயே இருக்கிறது. விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், புதுச்சேரிக்குச் சற்று வடக்கே உள்ள ஆரோவில் தாவரவியல் தோட்டமே அது. இதை அமைத்தது அரசுத் துறை அல்ல. ஆரோவில்லில் குடியிருக்கும் ஆர்வலர்கள் 2000ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தொடங்கி, படிப்படியாக வளர்த்தது. பரப்பளவு 50 ஏக்கர்.

"ஐம்பது ஏக்கர் தோட்டத்தைப் பற்றி அரை ஏக்கர்க்காரனுக்கு ஏன் சொல்கிறீர்கள்?" என்று சிலர் கேட்கலாம். பரப்பளவை விட்டுவிடுவோம். நிலத்தை எப்படிப் பகுதி பகுதியாகப் பிரித்தார்கள், ஒவ்வொரு பகுதிக்கும் என்ன வேலை கொடுத்தார்கள் என்பதை மட்டும் பார்ப்போம். அந்த முறை அரை ஏக்கருக்கும் பொருந்தும்.

பூங்கா வேறு, தாவரவியல் தோட்டம் வேறு

தாவரவியல் தோட்டம் என்றதும் 1848இல் தொடங்கிய உதகமண்டலம் தோட்டமோ, பெங்களூர் லால்பாகோ நினைவுக்கு வரும். மலர்ப் பாத்திகளும் புல்தரையும்தான் பலருக்கும் தெரிந்தவை. ஆனால் சாதாரணப் பூங்காவுக்கும் இதற்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. தாவரவியல் தோட்டத்தில் ஒவ்வொரு செடிக்கும் பெயரும் பிறப்பிடமும் தெரிந்திருக்க வேண்டும். எந்த ஊர்த் தாய்மரத்திலிருந்து விதை வந்தது, எந்த ஆண்டு நடப்பட்டது, பிழைத்ததா இல்லையா என்று பதிவேட்டில் குறித்துவைப்பார்கள். நல்ல விவசாயி தன் விதை நெல்லின் வரலாற்றை நினைவில் வைத்திருப்பது போன்றதுதான் இதுவும்.

சென்னைப் பட்டணத்துக்குத் தனி மனிதர்களின் தாவரத் தோட்டங்கள் புதியவை அல்ல. கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பவர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பலவகைப் பயிர்களைச் சோதித்துப் பார்த்தார். பட்டுப்புழுவுக்காக முசுக்கொட்டையைப் பரப்ப முயன்றார். சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை வளர்ப்பதற்காகச் சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டமே ஏற்பட்டது. ஆனால் 1795இல் நம் நாட்டுக்கு வந்து சேர்ந்த பூச்சி தரம் குறைந்த இனமாக இருந்ததால் சாயத் தொழில் தேறவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த கள்ளி இனங்களோ தென்னாட்டில் மேய்ச்சல் நிலங்களையும் வேலிகளையும் கடந்து பரவி விவசாயிகளுக்குத் தொல்லையாயின. 1926இல் இலங்கையிலிருந்து வேறோர் இனப் பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பிறகே அந்தக் கள்ளி அடங்கியது. சீமைக் கருவேலத்தால் இன்று நாம் படும் பாடும் இதே வகைதான். புதுச்செடி ஒன்றை நிலத்தில் இறக்குமுன் அது எங்கிருந்து வந்தது, எவ்வளவு வேகமாகப் பரவும் என்று கேட்பது நல்லது.

செம்மண் மேட்டில் முதல் வேலை

ஆரோவில் 1968ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் தொடங்கப்பட்டபோது அந்த மேட்டு நிலம் பெரும்பாலும் மரமற்றுக் கிடந்தது. ஒவ்வொரு மழைக்கும் செம்மண் கரைந்து ஓடைகளாக அறுத்துக்கொண்டு கடலுக்குப் போயிற்று. அங்கு குடியேறியவர்கள் மரக்கன்று நடுவதோடு வரப்புக் கட்டும் வேலையையும் கையில் எடுத்தார்கள். சரிவுக்குக் குறுக்கே மண்வரப்பு அமைத்து, ஓடைகளை ஆங்காங்கே அடைத்து, விழுந்த மழையை அங்கேயே நிறுத்தினார்கள். ஆடு மாடு நுழையாமல் வேலியிட்டார்கள்.

காய்ந்த வெட்டவெளியில் எடுத்தவுடன் நாட்டு மரங்கள் எளிதாக எழும்பவில்லை. ஆகவே ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஒருவகை வேலமரம் போன்ற, விரைவில் வளரும் மரங்களை முதலில் நட்டு நிழலும் இலைக்குப்பையும் உண்டாக்கினார்கள். அந்த நிழலில் நாட்டு மரக்கன்றுகள் பிழைத்தன. முதலில் வந்த மரம் செவிலித்தாய், பின்னால் வந்ததே வீட்டுப் பிள்ளை என்று சொல்லலாம்.

2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. ஆரோவில்லில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. விரைவில் வளர்ந்த அந்த வேலமரங்களே பெருமளவில் முறிந்து விழுந்தன. மெதுவாக வளர்ந்து வேரை ஆழப் பதித்த நாட்டு மரங்கள் புயலை மேலாகத் தாங்கி நின்றன. புயல் வழியிலேயே குடியிருக்கும் பழவேற்காட்டுப் பகுதி விவசாயிகள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

பகுதிகளும் அவற்றின் வேலையும்

தாவரவியல் தோட்டத்தின் 50 ஏக்கரில் ஏறத்தாழப் பாதி, அதாவது 25 ஏக்கர், மரத் தொகுப்புக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. 250க்கு மேற்பட்ட மர இனங்கள் இங்கே நடப்பட்டுள்ளன. பிற்காலத்தில் விதை எடுக்கத் தாய்மரங்களைச் சேர்த்து வைப்பதற்கு இப்பகுதி பயன்படுகிறது.

அடுத்து, பாதுகாப்புக் காடு. இங்கே வரிசை கட்டி நடும் வழக்கம் இல்லை. மரம், புதர், கொடி எல்லாம் கலந்து, இப்பகுதியின் இயற்கைக் காடு எப்படி இருந்ததோ அப்படி வளரவிடுகிறார்கள்.

இவற்றைத் தவிர மூலிகைத் தோட்டம், கள்ளி வகைத் தோட்டம், சிறுவர் சுற்றிச் சுற்றி வழி தேடும் செடிவேலிப் புதிர்ப்பாதை ஆகியவை தனித்தனியே உள்ளன. நாட்டு மரக்கன்றுகளை உற்பத்தி செய்யும் நாற்றங்காலும் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் வந்து மரங்களைத் தொட்டுப் பார்த்துப் பெயர் கற்றுச் செல்கிறார்கள்.

ஆக, ஒரு பகுதி விதைக்கு, ஒரு பகுதி காட்டுக்கு, ஒரு பகுதி மருந்துக்கு, ஒரு பகுதி கன்றுக்கு, ஒரு பகுதி பிள்ளைகளின் படிப்புக்கு என்று வேலை பிரிக்கப்பட்டிருக்கிறது. தண்ணீர் அதிகம் வேண்டுவதையும் வேண்டாததையும் ஒரே இடத்தில் கலந்து நடுவதில்லை. நம் தோட்டங்களில் பல கன்றுகள் சாவதற்கு இந்தக் கலப்பும் ஒரு காரணம்.

நமது காடு எது?

இந்தத் தோட்டம் காப்பாற்ற முயல்வது வறண்ட வெப்பமண்டலப் பசுமைமாறாக் காட்டை. விசாகப்பட்டினத்திலிருந்து இராமநாதபுரம் வரை கடலோரமாக 30 முதல் 50 கிலோமீட்டர் அகலத்தில் ஒரு காலத்தில் இருந்த காடு இது. மரங்கள் மிக உயரமாக வளர்வதில்லை. இலைகள் தடித்து, பளபளப்பாக, கோடையிலும் உதிராமல் இருக்கும். வீரை, பாலை, காயா, கருங்காலி, நாவல், பூவந்தி முதலியவை இதன் மரங்கள். பெரும்பகுதி அழிந்து, இன்று கோயில் காடுகளாகவே ஆங்காங்கே எஞ்சியிருக்கிறது. புதுச்சேரிக்கு வடக்கே புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு அத்தகையது.

காட்டுப்பள்ளிக்கு வடக்கே, அதே கடலோர மணல்திட்டு வரிசையில் உள்ள ஸ்ரீஹரிகோட்டாவில் இக்காடு இன்னும் பெரும் பரப்பில் இருக்கிறது. ராக்கெட் ஏவுதளம் அமைந்து பொதுப் போக்குவரத்து கட்டுப்படுத்தப்பட்டதும் அது தப்பியதற்கு ஒரு காரணம். அந்தக் காட்டின் மரங்கள் நம் மணலுக்கும் அன்னியமானவை அல்ல.

காட்டுப்பள்ளிப் பகுதி நிலமோ வேகமாக மாறிவருகிறது. எண்ணூரில் 2001இல் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. 2010இல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது. அதையடுத்துக் காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்தது. மணல்மேடு மட்டமானால் அதன்மேல் நின்ற செடிகொடிகளும் போய்விடும். விதை தர ஒரு தாய்மரமும் எஞ்சவில்லையென்றால் பிறகு நட விரும்பினாலும் வழியிராது. எஞ்சியுள்ளவற்றைக் கணக்கெடுத்து வைப்பது இப்போதே செய்ய வேண்டிய வேலை.

உப்புத் தண்ணீரின் கணக்கு

மீஞ்சூர் வட்டாரத்தில் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே புகுந்திருப்பது 1970களில் இருந்தே அறிந்த செய்தி. இது எப்படி நடக்கிறது என்பதை விவசாயிகள் தெரிந்துகொள்வது அவசியம். மணல் பூமியில் மழைநீர், கனமான உப்புநீரின் மேல் எண்ணெய் போல மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. அதிகமாக இறைத்து மேல்மட்டம் 1 அடி நிலையாகக் குறைந்தால், காலப்போக்கில் அடியிலிருந்து உப்புநீர் 40 அடி வரை மேலேறி வரும். ஆழ்குழாய் போட்டவர் கிணறு முதலில் உப்பாவதும், பக்கத்தில் உள்ள ஆழமில்லாத ஊற்றுக்குழியில் தண்ணீர் இனிப்பாகவே இருப்பதும் இதனால்தான்.

எனவே ஆழம் போவதை விட, மழையை நிறுத்துவதே இங்கு பயன் தரும். 50 சென்ட் நிலத்தில் 1 அங்குலம் மழை பெய்தால் சுமார் 51,000 லிட்டர் தண்ணீர் விழுகிறது. ஒன்றரை அடி உயர வரப்பு நாலாபுறமும் இருந்தால் அதில் பெரும்பகுதி மணலில் இறங்கி உப்புநீரைக் கீழே தள்ளும்.

50 சென்டில் ஐந்து பகுதிகள்

ஏறத்தாழ 147 அடி நீளமும் அவ்வளவே அகலமும் உள்ள 50 சென்ட் நிலத்தை எடுத்துக்கொள்வோம். 35 சென்டில் வழக்கம் போல் நெல்லோ, நிலக்கடலையோ, தர்ப்பூசணியோ பயிரிடலாம். மீதி 15 சென்டைப் பின்வருமாறு பிரிக்கலாம்.

1. காற்றுத் தடுப்பு (5 சென்ட்): கடலைப் பார்த்த கிழக்குப் பக்கம் 15 அடி அகலத்தில் மூன்று வரிசை நடவேண்டும். கடலோர வரிசையில் தாழையும் நொச்சியும். நடுவில் பனை, 10 அடி இடைவெளியில். உள்வரிசையில் புன்னையும் பூவரசும் மாறி மாறி. இடையிடையே சவுக்கு நட்டு 4 அல்லது 5 ஆண்டில் வெட்டிக்கொள்ளலாம். ஆரோவில்லில் வேலமரம் செய்த செவிலித்தாய் வேலையை இங்கே சவுக்கு செய்யும். கையில் கொஞ்சம் பணமும் தரும். மரத்தின் உயரத்தைப் போல் 10 முதல் 15 மடங்கு தூரம் வரை காற்றின் வேகம் தணியும். தடுப்பு 15 அடி உயரம் வந்தால் 147 அடி நிலம் முழுவதற்கும் காப்பு கிடைக்கும். சுவர் போல் அடைத்து நடக்கூடாது. பாதிக் காற்றாவது ஊடுருவிப் போனால்தான் மறுபக்கத்தில் சுழல் எழாது. மர வேர் பயிருக்குள் வராமல் இடையில் 2 அடி ஆழத்துக்குச் சால் எடுத்துவிட வேண்டும்.

2. தண்ணீர் (3 சென்ட்): நிலத்தின் தாழ்ந்த மூலையில் 5 அல்லது 6 அடி ஆழத்துக்குச் சரிவான கரையுடன் குழி எடுத்து, கரையில் வெட்டிவேர் நடலாம். இறைக்கும்போது ஒரே மூச்சில் வற்ற இறைக்காமல் காலையும் மாலையும் சிறிது சிறிதாக இறைக்க வேண்டும்.

3. தழையும் தீவனமும் (4 சென்ட்): வரப்போரம் கிளைரிசிடியா, வேலிமசால் ஆகியவற்றை வளர்க்கலாம். உப்புத் தட்டிய இடத்தில் தக்கைப்பூண்டும், காய்ந்த மணலில் கொழிஞ்சியும் விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் மணலுக்கு ஈரம் பிடிக்கும் சக்தி கூடும்.

4. மூலிகை (1 சென்ட்): ஆடாதோடை, துளசி, சோற்றுக் கற்றாழை, தூதுவளை, கீழாநெல்லி போன்றவை வீட்டருகே இருக்கட்டும். மணலில் தானாகவே வரும் நித்தியகல்யாணியிலிருந்து புற்றுநோய் மருந்து தயாரிக்கிறார்கள். ஆனால் அது நச்சுள்ள செடி. வீட்டு வைத்தியத்துக்கு எடுக்கவே கூடாது.

5. தாய்மரமும் நாற்றங்காலும் (2 சென்ட்): நாவல், பாலை, வேம்பு, பூவந்தி என்று நாலைந்து நாட்டு மரங்களை நட்டு, ஓரத்தில் நிழலில் சிறு நாற்றங்கால் வைக்கலாம். வேப்பம் விதையும் நாவல் விதையும் முளைப்புத் திறனை விரைவில் இழப்பவை. பழம் உதிர்ந்த ஓரிரு வாரத்துக்குள் விதைத்துவிட வேண்டும். புன்னை விதையின் கெட்டியான ஓட்டை நீக்கியோ, இலேசாக விரிசல் விழத் தட்டியோ விதைத்தால் சில வாரம் முன்னதாகவே முளைக்கும். பனங்கொட்டையை நிரந்தர இடத்திலேயே ஊன்ற வேண்டும். பூவரசு போத்து நட்டாலே வந்துவிடும்.

நடவு முறை

புரட்டாசியில் 2 அடி நீளம், அகலம், ஆழம் உள்ள குழிகள் எடுத்து ஆறவிடுங்கள். மணலோடு ஏரி வண்டலும் மக்கிய தொழு உரமும் கலந்து நிரப்பி, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் கன்று நடலாம். வண்டல் சேர்க்காத மணலில் ஊற்றும் தண்ணீர் வேருக்கு எட்டாமல் கீழே ஓடிவிடும். தை பிறந்ததும் கன்றைச் சுற்றி உலர்ந்த தழை, தென்னை மட்டை, வைக்கோல் இவற்றில் ஏதாவது ஒன்றால் மூடாக்குப் போட வேண்டும். முதல் இரண்டு கோடை தண்ணீர் தவறக்கூடாது.

நடுவதற்கு முன் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் புட்டியில் அரை லிட்டர் பிடித்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கலாம். திருவள்ளூர் மாவட்ட விவசாயிகள் திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம். மின் கடத்தும் திறன் 0.75க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 0.75 முதல் 2.25 வரை இருந்தால் உப்பைத் தாங்கும் பயிராகப் பார்க்க வேண்டும். அதற்கு மேல் போனால் புன்னை, பனை, தாழை போன்றவற்றையே நம்ப வேண்டியிருக்கும்.

வருமானம் பற்றி ஒரு வார்த்தை. முதல் மூன்று ஆண்டுகளில் இந்த 15 சென்டில் இருந்து தழை, தீவனம் தவிரப் பெரிதாக எதுவும் எதிர்பார்க்க வேண்டாம். அடுத்து சவுக்குப் பணம் வரும். பனை பலன் தரப் பத்தாண்டுகளுக்கு மேலாகும். மீதி 35 சென்டில் பயிர் மணலில் புதையாமல் தப்புவதும், கிணறு இன்னும் சில காலம் இனிப்பாக இருப்பதும்தான் முக்கிய லாபம். ஒருவர் மட்டும் செய்தால் கிணற்றுக்குப் பலன் குறைவு. அடுத்தடுத்த பத்துப் பேர் சேர்ந்து வரப்பு கட்டினால் கூடுதல் பலன் தெரியும்.

குப்பத்துக்கு ஒரு பொதுத் தோட்டம்

நிலமில்லாத மீனவக் குடும்பங்களும் இதில் சேரலாம். கோயில் நிலமோ, பள்ளிக்கூட மைதானத்து ஓரமோ ஒரு ஏக்கர் இருந்தால் போதும். கடற்கரைச் செடிகள், ஏரிக்கரைச் செடிகள், மேட்டுக்காட்டு மரங்கள், மூலிகைகள் என்று நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஊரில் வழங்கும் பெயரைப் பலகையில் எழுதி வைக்கலாம். உமரி, அலையாத்தி, தில்லை, அடும்பு, இராவணன் மீசை என்று மூத்தவர்கள் சொல்லும் பெயர்களைப் பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும். 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மயச் சட்டத்தின்படி உள்ளாட்சி அளவில் குழு அமைத்து மக்கள் பதிவேடு தயாரிக்க வழி இருக்கிறது. ஊராட்சியில் கேட்டு அந்தப் பதிவேட்டில் இவற்றைச் சேர்க்கச் சொல்லலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். கடற்கரையில் அலை தொடும் இடம் வரை சவுக்கை நெருக்கி நடாதீர்கள். பங்குனி ஆமைகள் முட்டையிட அங்கே திறந்த மணல் வேண்டும். அடும்பும் இராவணன் மீசையும் போதும். அதேபோல் ஏரியின் சேற்றுத் திட்டுகளில் மரம் நடக்கூடாது. பூநாரைகளும் பிற நீர்ப்பறவைகளும் இரை தேடும் இடம் அது. பழவேற்காட்டுப் பறவைகள் சரணாலய எல்லைக்குள் எந்த வேலைக்கும் வனத்துறையின் அனுமதி வேண்டும்.

ஆரோவில் தோட்டத்தை நேரில் பார்க்க விரும்பும் விவசாயிகள் பத்துப் பேராகச் சேர்ந்து, முன்கூட்டி எழுதிக் கேட்டுவிட்டுப் போவது நல்லது. போகும்போது நோட்டுப் புத்தகம் ஒன்று எடுத்துச் செல்லுங்கள். உங்கள் நிலத்தில் இருந்து காணாமல் போன மரங்களில் எவை அங்கே நிற்கின்றன என்று குறித்து வாருங்கள். அந்தப் பட்டியலை வைத்து, எந்தக் கன்றை எந்த மூலையில் நடுவது என்று புரட்டாசிக்குள் முடிவு செய்துவிட்டால் வரும் ஐப்பசி மழை வீணாகாது.